கதிரவனின் நாட்குறிப்பு

நுழையும்முன்

நம் வீடுகள் பலவற்றில், சுவரில் தொங்கும் நாள்காட்டியில் பால் கணக்கு எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பால் வாங்கிய நாளில் ஒரு கோடு. வாங்காத நாளில் ஒரு சுழி. ஒரு நாள் குறிக்க மறந்துவிட்டால், மாத முடிவில் அந்த நாளைப் பற்றி எவராலும் உறுதியாகக் கூற இயலாது. அறிவியலிலும் இத்தகைய கணக்கேடு ஒன்று உண்டு. அது கதிரவனைப் பற்றியது. ஒருவர் தொடங்கி, அடுத்தவர் தொடர்ந்து, பல தலைமுறையினர் எழுதிவரும் அந்தக் கணக்கேட்டின் வரலாற்றை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

1. நகர் நடுவே ஒரு குன்று

மாணவர்களே! திருவனந்தபுரத்தில் பாளையத்திற்கு அருகே மேடான பகுதி ஒன்று உள்ளது. அதனை மக்கள் ‘ஒப்சர்வேட்டரி ஹில்ஸ்’ என்று வழங்குகின்றனர். வானாய்வுக் குன்று என்பது அதன் பொருள். அங்குள்ள வானாய்வகம் 1837ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அக்காலத்தில் திருவிதாங்கூரை ஆண்டவர், இசைப்புலமையால் புகழ்பெற்ற சுவாதித் திருநாள் மன்னர். ஆலப்புழையில் வணிகப் பிரதிநிதியாக இருந்த ஜான் கால்டிகாட் என்பவர் வானியலில் பேரார்வம் கொண்டிருந்தார். மன்னர் அவரையே ஆய்வகத்தின் முதல் இயக்குநராக அமர்த்தினார். கால்டிகாட் 1849இல் மறைந்தார். 1852ஆம் ஆண்டில் ஜான் ஆலன் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் அப்பொறுப்பை ஏற்றார். இன்று இவ்வாய்வகம் கேரளப் பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ளது.

பிரௌனின் கருத்தைக் கவர்ந்தது காந்த ஊசி. வடக்குத் தெற்காக நிற்கும் காந்த ஊசி அசையாது நிற்பதுபோல் தோன்றும். ஆனால், நுட்பமான கருவியால் நோக்கினால், அது ஒவ்வொரு நாளும் மிகச் சிறிய அளவில் இப்புறமும் அப்புறமும் நகர்வது புலப்படும். சில நாள்களில் அது மிகுதியாக அலைவதும் உண்டு. மண்ணில் இருக்கும் ஊசியை அலைக்கழிப்பது எது? இவ்வினாவிற்கான விடை பதினைந்து கோடிக் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அவ்விடையை அடைய, முதலில் நாம் கதிரவனின் முகத்தை உற்று நோக்க வேண்டும்.

2. சூரியப்புள்ளி என்பது யாது?

கதிரவனின் ஒளிமிக்க முகத்தில் அவ்வப்போது கரும்புள்ளிகள் தோன்றி மறைகின்றன. இவையே சூரியப்புள்ளிகள். சில புள்ளிகள் ஓரிரு நாள்களில் மறைந்துவிடும். சில பல வாரங்கள் நீடிக்கும். பெரிய புள்ளி ஒன்றனுள் நம் பூமியையே வைத்துவிடலாம்.

சூரியப்புள்ளி உண்மையில் கருமையானது அன்று. கதிரவனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின் வெப்பநிலை உடையது. புள்ளியின் நடுப்பகுதியோ ஏறத்தாழ 4,000 கெல்வின் மட்டுமே உடையது. சூழ்ந்துள்ள பேரொளியின் நடுவே சற்றுக் குறைந்த ஒளி கருமையாகத் தோன்றுகிறது. அப்புள்ளியை மட்டும் தனியே எடுத்து வானில் வைக்க முடிந்தால், அதுவும் கண்ணைக் கூசச் செய்யும்.

புள்ளியின் நடுப்பகுதி கருநிழல் எனப்படும். அதனைச் சுற்றியுள்ள மங்கலான பகுதி புறநிழல் எனப்படும். புள்ளி உள்ள இடத்தில் கதிரவனின் காந்தப்புலம் மிக வலிமையுடன் இருக்கிறது. அது, கீழிருந்து வெப்பத்தைச் சுமந்து மேலெழும் வாயுக்களைத் தடுக்கிறது. ஆகவே, அவ்விடம் சற்றுக் குளிர்ந்துவிடுகிறது. சூரியப்புள்ளிகளில் காந்தப்புலம் உள்ளதை 1908இல் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் எல்லரி ஹேல் கண்டறிந்தார்.

எச்சரிக்கை: கதிரவனை வெறுங்கண்ணால் நேரே பார்த்தல் ஆகாது. தொலைநோக்கி வழியாகப் பார்த்தல் அதனினும் பெருந்தீங்கு. நொடிப்பொழுதில் கண்பார்வை போய்விடும். ஆய்வாளர்கள் கதிரவனின் உருவத்தைத் தாளின்மீது விழச்செய்தோ, ஒளிப்படமாக எடுத்தோ ஆராய்வர்.

3. பதினேழு ஆண்டுகள்

ஜெர்மனி நாட்டில் தெசாவ் என்னும் ஊரில் ஹைன்ரிக் சுவாபே என்னும் மருந்து வணிகர் வாழ்ந்தார். புதன் கோளைவிடக் கதிரவனுக்கு அருகில் வேறொரு கோள் இருக்கக்கூடும் என்று அக்காலத்தில் பலர் எண்ணினர். அக்கோள் கதிரவனைக் கடக்கும்போது கரும்புள்ளியாகத் தோன்றுமன்றோ? ஆகவே, எது கோள், எது சூரியப்புள்ளி எனப் பிரித்தறிவதற்காக, 1826 முதல் வானம் தெளிந்த நாள்தோறும் சுவாபே புள்ளிகளைக் குறித்துவந்தார்.

அவர் தேடிய கோள் கிடைக்கவில்லை. அப்படி ஒரு கோளே இல்லை. ஆயினும், பதினேழு ஆண்டுகள் கழித்து, 1843இல் தம் குறிப்பேட்டைப் புரட்டிய அவர் வேறொன்றைக் கண்டார். புள்ளிகள் சில ஆண்டுகளில் பெருகுகின்றன, பின் சுருங்குகின்றன, மீண்டும் பெருகுகின்றன. இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வதாக அவர் அறிவித்தார். முதலில் அதனைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலரே. எனினும், அவர் சோர்வடையவில்லை. அதன் பின்னரும் பல ஆண்டுகள் தம் பணியைத் தொடர்ந்தார்.

ஒன்றைத் தேடி எழுதிய குறிப்பு மற்றொன்றைக் காட்டியது. பதிவின் பயன், அதனைத் தொடங்கியவரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

4. எண்ணும் முறை

புள்ளிகளைப் பலர் பல நாடுகளில் எண்ணத் தொடங்கியபோது ஒரு சிக்கல் எழுந்தது. பெரிய தொலைநோக்கி உடையவர் சிறு புள்ளிகளையும் காண்பார். சிறிய தொலைநோக்கி உடையவருக்கு அவை தென்படா. இருவரின் கணக்கையும் எவ்வாறு இணைப்பது? சுவிட்சர்லாந்து நாட்டின் ருடால்ஃப் வூல்ஃப் இதற்கு ஒரு வழி வகுத்தார்.

புள்ளிகள் பெரும்பாலும் கூட்டங்கூட்டமாகத் தோன்றும். கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, அதனுடன் தனிப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு நாளில் 3 கூட்டங்களும், அவற்றுள் மொத்தம் 14 புள்ளிகளும் இருப்பின்,

(10 × 3) + 14 = 44

என்பது அன்றைய சூரியப்புள்ளி எண்ணின் அடிப்படைக் கணக்கு. தனித்து நிற்கும் ஒரே ஒரு புள்ளியும் ஒரு கூட்டமாகவே கொள்ளப்படும்; ஆகவே, அதன் மதிப்பு 11. பின்னர், நோக்குபவரின் கருவிக்கும் கண்ணுக்கும் ஏற்ற ஓர் எண்ணால் இது பெருக்கப்படும். இதனால், ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர்வது எளிதாயிற்று.

பழைய குறிப்புகளையும் திரட்டி ஆராய்ந்த வூல்ஃப், புள்ளிகளின் சுழற்சிக்காலம் சராசரியாகப் பதினோராண்டுகள் என்று கண்டார். ஒரு சுழற்சி 9 ஆண்டுகளில் முடியலாம். மற்றொன்று 14 ஆண்டுகள் வரை நீளலாம். ஓரிரு சுழற்சிகளை மட்டும் பார்த்தவர் தவறான முடிவுக்கு வரக்கூடும். நெடுங்காலப் பதிவே உண்மையை உணர்த்தும்.

5. பொதிகையில் ஒரு காந்த ஊசி

இப்போது திருவனந்தபுரத்துக் குன்றிற்குத் திரும்புவோம். பிரௌன் பொறுப்பேற்ற அதே 1852ஆம் ஆண்டில், எட்வர்ட் சபைன் என்னும் அறிஞர் ஒரு செய்தியை வெளியிட்டார். சூரியப்புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில், பூமியில் காந்த ஊசியின் அலைவும் பெருகுகிறது என்பதே அச்செய்தி. எனவே, காந்த ஊசியைக் குறித்துவைப்பதும் ஒருவகையில் கதிரவனைக் குறித்துவைப்பதே ஆயிற்று.

இதற்குத் திருவனந்தபுரம் ஏற்ற இடமாக அமைந்தது. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு காந்த நடுக்கோடு எனப்படும். அக்கோடு இந்நகருக்கு அருகில் செல்கிறது. பிற்காலத்தில் தும்பா கடற்கரை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கும் இதுவே காரணம். அங்கிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று ஏவப்பட்டது.

பிரௌன் தாழ்நிலத்தில் எடுத்த அளவுகளோடு நிறைவடையவில்லை. உயரமான இடத்திலும் ஊசி அவ்வாறே அசைகிறதா என்று அறிய விரும்பி, அகத்தியமலையின் உச்சியருகே மற்றொரு நோக்ககத்தை அமைத்தார். அகத்தியமலை நம் இலக்கியங்கள் பொதிகை என்று போற்றும் மலைத்தொடரில் உள்ளது. 1,868 மீட்டர் உயரமுடையது. தமிழ்முனிவர் அகத்தியர் உறைந்ததாகக் கூறப்படும் இம்மலையின் ஒருபுறம் திருவனந்தபுரம் மாவட்டம். மறுபுறம் திருநெல்வேலி மாவட்டம். காட்டையும் மழையையும் கடுங்காற்றையும் பொருட்படுத்தாது, அங்கும் ஊசியின் அசைவு ஏட்டில் ஏறியது.

இப்பதிவுகளை ஆராய்ந்த பிரௌன், பூமியின் காந்த விசை ஏறத்தாழ 26 நாள்களுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைக் கண்டார். கதிரவன் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதே இதற்குக் காரணம் என்று அவர் கருதினார். பூமியிலிருந்து காண்போர்க்குக் கதிரவனின் நடுப்பகுதி ஒருமுறை சுழன்றுவர ஏறத்தாழ 27 நாள்கள் ஆவதாகத் தோன்றும். திருவனந்தபுரத்துக் குறிப்பேட்டில் கதிரவனின் சுழற்சியே பதிந்திருந்தது!

பிரௌன் 1865இல் நாடு திரும்பினார். ஆயினும், ஆய்வகத்து உதவியாளர்களின் பணி தொடர்ந்தது. திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் 1852 முதல் 1869 வரை எடுக்கப்பட்ட அளவுகளைத் தொகுத்து, 1874இல் பிரௌன் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அட்டையில் அவர் பெயர் உண்டு. இரவுபகல் முறைவைத்து விழித்திருந்து, மணிதோறும் ஊசியின் நிலையைப் படித்து எழுதிய உள்ளூர் உதவியாளர்களின் உழைப்போ நூலின் ஒவ்வோர் எண்ணிலும் உண்டு.

6. கொடைக்கானல்: நூறாண்டைக் கடந்த ஏடு

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டியது. மழை ஏன் பொய்த்தது என்ற வினா எழுந்தது. கதிரவனில் ஏற்படும் மாற்றங்களே பருவமழையை மாற்றுகின்றனவோ என்று சிலர் ஐயுற்றனர். கதிரவனை நாள்தோறும் நோக்குவதற்கென ஓர் ஆய்வகம் வேண்டும் என்னும் கருத்துக்கு இது வலுச்சேர்த்தது. மைக்கி ஸ்மித் என்பவர் மலைப்பகுதிகளை ஆராய்ந்து, பழனி மலையில் உள்ள கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். கடல்மட்டத்திற்கு மேல் 2,343 மீட்டர் உயரத்தில் அமைந்த அவ்வாய்வகத்தில் 1901இல் நோக்கும் பணி தொடங்கியது. சென்னையில் இயங்கிவந்த பழைய வானாய்வகத்தின் பணிகள் இங்கு மாற்றப்பட்டன.

1904 முதல், வானம் தெளிந்த நாள்தோறும் கதிரவன் ஒளிப்படமாக எடுக்கப்பட்டது. தொலைநோக்கி உருவாக்கும் கதிரவனின் உருவம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் விட்டமுடையது. ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு எனலாம். அவ்வுருவம் கண்ணாடித் தகட்டில் பதியும். நாளும் நேரமும் குறிக்கப்பட்ட பின், தகடு பாதுகாப்பாக அடுக்கப்படும். இவற்றோடு, கட்டமிட்ட வட்டத்தாளில் புள்ளிகளையும் கதிரவனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளையும் கையால் வரைந்து வைக்கும் வழக்கமும் இருந்தது.

1907இல் இங்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் ஓர் அரிய உண்மையைக் கண்டறிந்தார். சூரியப்புள்ளியின் புறநிழலில் வாயுக்கள் உள்ளிருந்து வெளிநோக்கிப் பாய்கின்றன என்பதே அது. ‘எவர்ஷெட் விளைவு’ என்று உலகம் முழுவதும் இன்றும் இஃது அழைக்கப்படுகிறது.

மழைக்கும் சூரியப்புள்ளிக்கும் இடையே எதிர்பார்த்த எளிய தொடர்பு உறுதிப்படவில்லை. அதனால் அவ்வுழைப்பு வீணாயிற்றா? இல்லை. இலண்டனை அடுத்த கிரீனிச் ஆய்வகம் 1874 முதல் 1976 வரை கதிரவனின் படங்களைத் தொகுத்துவந்தது. அங்கு மேகம் மூடிய நாள்களின் குறையை நிரப்ப, கொடைக்கானல் படங்களும் உதவின. நூற்றாண்டைக் கடந்த கொடைக்கானல் படங்கள் இப்போது கணினிப் பதிவுகளாக மாற்றப்பட்டுள்ளன. கதிரவனின் சுழற்சி வேகம், புள்ளிக்கூட்டங்களின் சாய்வு முதலியவற்றை ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து அளக்கின்றனர். தகட்டைப் பதித்தவர்க்குத் தோன்றாத வினாக்களுக்கும் அத்தகடுகள் இன்று விடை தருகின்றன.

மேகம் மூடிய நாளில் என்ன செய்வர்? ‘இன்று நோக்கவில்லை’ என்று எழுதுவர். நேற்றையும் நாளையையும் பார்த்து இன்றைய எண்ணை இட்டுக்கட்டுதல் ஆகாது. வெற்றிடம் ஒரு குறைதான். பொய்யெண் அதைவிடப் பெருங்கேடு. வெற்றிடத்தைப் பின்னாளில் வேறோர் ஆய்வகத்தின் பதிவு நிரப்பக்கூடும். பொய்யெண்ணை யாராலும் கண்டுபிடித்துத் திருத்த இயலாமற் போகலாம்.

7. இன்றைய பதிவு

சூரியப்புள்ளிகள் பெருகும் காலத்தில் கதிரவனிலிருந்து மின்துகள்கள் பெருவேகத்துடன் சீறியெழுவதுண்டு. அவை பூமியைத் தாக்கும்போது புவிக்காந்தப் புயல் உண்டாகிறது. செயற்கைக்கோள்கள், வானொலித் தொடர்பு, மின்வழங்கல் ஆகியவை அதனால் பாதிக்கப்படலாம். 2024 மே மாதத்தில் வீசிய அத்தகைய புயலின்போது, லடாக்கில் உள்ள ஹான்லேயில் வானம் செந்நிறமாக ஒளிர்ந்தது. ஆகவே, கதிரவனைக் கண்காணிப்பது இன்று அனைவரின் வாழ்வோடும் தொடர்புடையது.

இதற்கென இந்தியா 2023 செப்டம்பர் 2 அன்று ஆதித்யா-எல்1 விண்கலத்தை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. பூமியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று அது கதிரவனை நோக்குகிறது. அங்கு மேகமும் இல்லை, இரவும் இல்லை. அதிலுள்ள கருவிகளுள் ஒன்று, திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவானது. இத்திட்டத்தின் இயக்குநராகப் பணியாற்றிய நிகர் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்தவர். 1956 வரை செங்கோட்டை, திருவிதாங்கூர்ப் பகுதியோடு சேர்ந்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

காந்த ஊசியின் அசைவைக் குறித்த குன்றும், விண்கலக் கருவியை உருவாக்கிய மையமும் ஒரே நகரில் உள்ளன. கருவிகள் மாறிவிட்டன. ஆனால், இன்றைய நாளை இன்றே குறிக்க வேண்டும் என்னும் நெறி மாறவில்லை. இன்று கதிரவனில் தோன்றிய புள்ளி நாளை இராது. அதனை இன்று எவரும் குறிக்காவிடில், எத்துணைச் சிறந்த கருவியாலும் நாளை அதனைக் காண இயலாது.

சொற்பொருள்

பிரதிநிதி – ஒருவர் சார்பில் செயல்படுபவர்
புலப்படும் – தெளிவாகத் தெரியும்
ஐயுற்றனர் – ஐயம் கொண்டனர்
கிடைமட்டம் – தரைக்கு இணையான நிலை
உறைந்த – தங்கி வாழ்ந்த
பொய்த்தது – பெய்யாமல் தவறியது
இட்டுக்கட்டுதல் – இல்லாததை இருப்பதாகக் கூறுதல்
நெறி – ஒழுங்கு, வழி

இலக்கணக் குறிப்பு

கரும்புள்ளி – பண்புத்தொகை
இரவுபகல் – உம்மைத்தொகை
வாங்காத நாள் – எதிர்மறைப் பெயரெச்சம்
தோன்றி மறைகின்றன – ‘தோன்றி’ என்பது வினையெச்சம்

பிரித்து அறிக

நாட்குறிப்பு = நாள் + குறிப்பு
கரும்புள்ளி = கருமை + புள்ளி
பெரும்பஞ்சம் = பெருமை + பஞ்சம்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. திருவனந்தபுரம் வானாய்வகம் நிறுவப்பட்ட ஆண்டு ______.
2. சூரியப்புள்ளியின் நடுப்பகுதி ______ எனப்படும்.
3. பிரௌன் தம் இரண்டாவது நோக்ககத்தை அமைத்த மலை ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சூரியப்புள்ளி கருமையாகத் தோன்றுவது ஏன்?
2. காந்த ஊசியைக் குறித்துவைப்பது கதிரவனைக் குறித்துவைப்பதாக ஆனது எவ்வாறு?
3. ஒரு நாளில் 5 கூட்டங்களும் 23 புள்ளிகளும் காணப்பட்டன. அன்றைய அடிப்படைக் கணக்கு யாது?

இ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. “பதிவின் பயன், அதனைத் தொடங்கியவரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை.” சுவாபே, கொடைக்கானல் ஆய்வகம் ஆகிய இரண்டு சான்றுகளையும் கொண்டு விளக்குக.
2. மேகம் மூடிய நாளில் ஆய்வாளர் செய்ய வேண்டியது யாது? அதற்கான காரணத்தை உம் சொற்களில் எழுதுக.

ஈ. செயல்திட்டம்
1. பள்ளித் திடலில் ஒரு கோலை நேராக நட்டு, தொடர்ந்து 27 நாள்கள், ஒரே நேரத்தில் அதன் நிழலின் நீளத்தை அளந்து எழுதுக. மேகம் மூடிய நாளிலும் விடுமுறை நாளிலும் அளக்க இயலாத காரணத்தை எழுதுக. எண்ணை ஊகித்து எழுதாதீர்.
2. உம் வீட்டுப் பெரியவர்கள் நாள்தோறும் எழுதிவரும், அல்லது முன்பு எழுதிவந்த கணக்கேடு ஏதேனும் உண்டா? பால் கணக்கு, கடைக் கணக்கு, மழைக் குறிப்பு, பயணக் குறிப்பு என எதுவாகவும் இருக்கலாம். அதனைப் பற்றி அவர்களிடம் கேட்டறிந்து பத்துத் தொடர்கள் எழுதி, வகுப்பில் படித்துக்காட்டுக.